டிவியில் தெரிந்த கை

என் தம்பியின் மாமனார் கந்தப்பு காலமான முப்பத்தோராம் நாள் சடங்கு, பிரிக்பீல்ட்ஸில் அவருடைய மகன் ஜெயந்திரன் வீட்டில் நடந்தது. பதினெட்டாவது மாடி. லிஃப்ட்டில் ஏறியதும் என் தம்பி திருச்செல்வம் கண்ணாடியைப் பார்த்து டையைச் சரிசெய்தான். துக்க வீட்டுக்கு டை கட்டிக்கொண்டு போனவன் இந்த மலேசியாவிலேயே இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

"கழட்டுடா அத. இன்சூரன்ஸ் விக்க வந்தவன் மாதிரி இருக்க."

"அவங்க சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்கக்கா. நீட்டா இருக்கணும் லா."

பதினோரு வருடமாக அந்தக் குடும்பத்தின் மருமகன். இன்னும் வேலைக்கு இன்டர்வியூ போகிறவன் போலவேதான் போகிறான். அவர்கள் சிலோன்காரர்கள், தாத்தா காலத்திலிருந்தே அரசாங்க உத்தியோகம். நாங்கள் ரப்பர் பால் வெட்டும் எஸ்டேட்டிலிருந்து வந்தவர்கள். தம்பிக்குக் கிள்ளானில் சொந்தமாக லோரிகள் ஓடுகின்றன, எனக்கு ரவிக்கை தைக்கும் கடை இருக்கிறது. ஆனாலும் அவர்கள் கண்ணுக்கு நாங்கள் இன்னும் பால்வாளியோடுதான் நிற்கிறோம். கந்தப்புவின் மகள் நிலானி என் தம்பியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு ஈ காக்கா வரவில்லை. கந்தப்பு எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

அப்புறம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. மகன் வீட்டில் இடம் இல்லையாம். பேரன் சரணுக்குப் பரீட்சையாம். மருமகள் ஜெயமாலாவுக்கு மருந்து வாடை ஒத்துக்கொள்ளாதாம். கிழவரையும் அவர் மனைவி இராசேஸ்வரியையும் கிள்ளானுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒன்றரை வருடம் அவரைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டியவன் என் தம்பி. ஆனால் சொந்தக்காரர்களிடம் இராசேஸ்வரி அம்மாள் சொல்லிக்கொண்டது "மகன் வீட்டுல இருக்கிறம்" என்று. யாராவது பார்க்க வருகிறேன் என்று போன் செய்தால் போதும், தம்பி கிழவரைச் சக்கர நாற்காலியோடு வேனில் ஏற்றி பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டுபோவான். விருந்தாளி போனதும் திரும்பக் கொண்டுவருவான். நாடகக் கம்பெனிக்காரன்கூட இவ்வளவு சாமான் ஏற்றி இறக்கியிருக்கமாட்டான்.

"ஏன்டா உனக்கு ரோஷமே கிடையாதா?" என்று கேட்டால், "யார் குத்துனாலும் அரிசியானா சரிதானக்கா" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நிலானி அப்படி இல்லை. அன்று காலை காரில் வரும்போது என்னிடம் சொன்னாள்:

"இன்னிக்கு எல்லாரும் வருவாங்கக்கா. அம்மா இவரக் காட்டி, 'இது என் மருமகன்'னு ஒரு வார்த்தை சொல்லணும். அப்பா இருக்கறப்ப சொல்லல. இப்பவாவது சொல்லணும். வேற எதுவும் எனக்கு வேணாம்."

கல்லில் நார் உரிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். இராசேஸ்வரி அம்மாள் சடங்கு ஏற்பாட்டுக்காக முந்தின நாளே பிரிக்பீல்ட்ஸ் போய்விட்டார். சாயந்தரம் எங்களோடு கிள்ளானுக்குத் திரும்புவதாக ஏற்பாடு. கணவர் போன பிறகும் அந்த அம்மாளின் கட்டில், மாத்திரை, மீன் குழம்பு எல்லாம் கிள்ளானில்தான்.

உள்ளே போனால் ஹால் நிறைய ஆட்கள். சோபாவில் நடுநாயகமாகச் சந்திரகலா மாமி உட்கார்ந்திருந்தார். கந்தப்புவின் ஒன்றுவிட்ட அக்கா. ரொம்ப வருடம் மெல்பர்னில் மகளோடு இருந்துவிட்டு இப்போதுதான் திரும்பி வந்தவர். அந்தக் குடும்பத்தில் அவர் தும்மினால் நான்கு பேர் கர்ச்சீப் நீட்டுவார்கள். நிலானியைக் கட்டிப்பிடித்து "மெலிஞ்சு போனாய் பிள்ளை" என்றார். பின்னால் நின்ற என் தம்பியை அவர் முன்னே பின்னே பார்த்ததில்லை. இன்னார் என்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. இராசேஸ்வரி அம்மாள் எங்களைப் பார்த்து, செருப்பு அலமாரிப் பக்கம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கண்ணால் காட்டினார். போய் உட்கார்ந்தோம்.

சிலோன்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முப்பத்தோராம் நாளில் இறந்தவரைப் பற்றி ஒரு புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று பெயர். பிறந்த ஊர், பார்த்த உத்தியோகம், மனைவி மக்கள் மருமக்கள் பெயர் எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பட்டியலில் இருந்தால்தான் நீ குடும்பம். ஜெயந்திரன் அதை அச்சடிக்கவில்லை.

"புக் அடிச்சா யாரு படிக்கிறா? ஐ மேட் எ டிஜிட்டல் கல்வெட்டு," என்று போனைத் தூக்கிக் காட்டினான். "வீடியோ. என் போன்ல இருந்து ஸ்ட்ரெய்ட்டா டிவிக்குப் போகும். ஒரு வயர் கிடையாது. எல்லாம் காத்துலயே போகும்."

சுவரில் கதவு அகலத்துக்கு ஒரு டிவி. அதற்கு எதிரே நின்று ஜெயந்திரன் போனைத் தடவினான். டிவி கருப்பாகவே இருந்தது. மறுபடி தடவினான். "இப்ப வரும், இப்ப வரும்" என்றான். அவன் போனிலிருந்து நாதஸ்வரம் மட்டும் கொசு மாதிரி கேட்டது. நாங்கள் எல்லோரும் கருப்புக் கண்ணாடியில் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாசல் மணி அடித்தது. பக்கத்து யூனிட் சீன அங்கிள், கையில் ரிமோட்டோடு நின்றார். தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னதன் பொருள் இதுதான்: பேட்மின்டன் பார்த்துக்கொண்டிருந்தோம், உங்கள் வீட்டுப் பெரியவர் மாலையோடு எங்கள் டிவியில் வந்துவிட்டார், போகமாட்டேன் என்கிறார்.

ஜெயந்திரன் டிவிப் பட்டியலில் அடுத்த வீட்டு டிவியைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே பெயர். உயிரோடு இருந்தவரை கூப்பிடாத வீட்டுக் கதவைத் தட்டாத மனிதர் கந்தப்பு. மகன் அவரைக் காற்றில் அனுப்பி பேட்மின்டன் கோர்ட்டில் இறக்கிவிட்டான். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ஜெயந்திரன் "சாரி அங்கிள், சாரி" என்று குழைந்தான்.

ஒருவழியாகச் சொந்த டிவி ஒளிர்ந்தது. அவனுக்கு வீடியோவை மட்டும் அனுப்பத் தெரியவில்லை. போன் திரை முழுவதையும் அப்படியே டிவிக்கு ஏற்றிவிட்டான். பேட்டரி எவ்வளவு என்பதுகூடத் தெரிந்தது. போனில் அவன் எதைத் தொட்டாலும் சுவரில் தெரியும். வீடியோ ஓடியது, திக்கியது, மறுபடி ஓடியது. கடைசியில் ஒரு பக்கத்தில் வந்து அடியோடு நின்றுவிட்டது. பொன் நிற எழுத்தில் இப்படி இருந்தது:

அன்பு மனைவி இராசேஸ்வரி
அன்பு மகன் ஜெயந்திரன்
அன்பு மருமகள் ஜெயமாலா
அன்புப் பேரன் சரண்
மற்றும் குடும்பத்தினர்

ஓடியிருந்தால் கண் சிமிட்டும் நேரத்தில் போயிருக்கும். நின்றுவிட்டதால் எல்லோரும் எழுத்தெண்ணிப் படித்தார்கள். நிலானியும் படித்தாள். பெற்ற மகள் 'மற்றும்' ஆகிவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. என் தம்பி அவள் காதருகே குனிந்து, "இடம் பத்தலபோல இருக்கு" என்றான். இடமா பத்தவில்லை? அந்த டிவியில் கிள்ளான் பட்டணத்தையே எழுதலாம்.

"வீடியோ ஹேங் ஆயிடுச்சு. நான் போட்டோவே ஒண்ணொண்ணா காட்டறேன்," என்று ஜெயந்திரன் போனில் படங்கள் இருக்கும் இடத்தைத் திறந்தான். "அப்பாவோட லாஸ்ட் டேஸ். நாங்க எப்படிப் பாத்துக்கிட்டோம்னு நீங்க பாக்கணும்."

அந்தப் படங்கள் எனக்குத் தெரியும். வாராவாரம் நிலானியோ நானோ எடுத்து, அவள் அண்ணனுக்கு அனுப்பியவை. அவன் அவற்றை ஓரம் வெட்டி, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவான். 'வாட் எ சன்!' என்று ஊர் உலகத்திலிருந்து கைகூப்பும் பொம்மைகள் வரும். கத்தரி பிடிக்கிற எனக்குத் தெரியும், எதை வெட்டுகிறோம் என்று தெரியாமல் யாரும் வெட்டுவதில்லை.

வரிசையாகப் படங்கள் போயின. கந்தப்பு ஜன்னலோரம். கந்தப்பு போர்வையோடு. அப்புறம் கந்தப்பு வாய் திறந்து கஞ்சி வாங்கிக்கொள்ளும் படம். அதில் ஒரு கை மட்டும் தெரிந்தது. கரண்டி பிடித்த, கறுத்த, தடித்த கை. மணிக்கட்டில் செப்பு வளையம். கையையும் வெட்டியிருந்தால் கரண்டி போயிருக்கும், கரண்டி போனால் கிழவர் எதற்கு வாயைத் திறந்திருக்கிறார் என்று புரியாது. அதனால் கை தப்பித்தது.

சந்திரகலா மாமி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"இது ஆற்ற கை தம்பி? உன்ர கை மாதிரி இல்லையே."

ஜெயந்திரன் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அது... அட்டெண்டன்ட் மாமி. வீட்டுக்கு வருவாரு. ஹயர் பண்ணியிருந்தோம்."

நிலானி அம்மாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இராசேஸ்வரி அம்மாள் தலையை ஆட்டினார். இல்லை என்று அல்ல, ஆமாம் என்று. ஒன்றரை வருடம் அந்தக் கை போட்ட சோற்றைத் தின்றவர் ஆட்டினார். என் தம்பி தன் வலது கையை மெதுவாகத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான், ஏதோ திருட்டுச் சாமான் மாதிரி. அவனையும் ஓங்கி அறையவேண்டும் போல இருந்தது எனக்கு.

பொய்யோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் மாமிக்குச் சொந்தக் காரியம் ஒன்று இருந்தது.

"என்ன பொறுமையாய் ஊட்டுறார் பாருங்கோ! எனக்கு இப்பிடி ஒராள்தான் வேணும். என்ர வீட்டுக்கு வந்த ஆள் போன வாரம் ஓடிட்டாள். முகத்தைக் காட்டு தம்பி, நம்பரையும் தா."

"முகம் இதுல இல்ல மாமி."

"கொஞ்சம் பெரிசாக்கிப் பார், தெரியும்."

மாமி சொன்னால் மறுக்கும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஜெயந்திரன் பெரிதாக்குவதுபோலப் பாவனை செய்தான். எதையோ அழுத்தினான், அதை மூடப்போய் வேறெதையோ அழுத்தினான். நான் ரவிக்கை தைக்கும்போது உள்ளே கொஞ்சம் துணி மடித்து விடுவேன், பின்னால் உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம் என்று. அந்தப் போனும் அப்படித்தான் போலிருக்கிறது. வெட்டியதை எறியாமல் உள்ளே மடித்து வைத்திருந்தது. படம் நாலா பக்கமும் விரிந்தது.

கையோடு சேர்ந்து என் தம்பி வந்தான். சட்டையில்லாமல், தோளில் துண்டோடு. கிழவரின் முதுகைத் தாங்கிப் பிடித்தபடி நிலானி வந்தாள். பச்சைச் சுவர், எங்கள் குலசாமி காலண்டர், கிள்ளான் வீட்டுச் சாப்பாட்டு மேசை எல்லாம் வந்தன. மேசை ஓரத்தில் இராசேஸ்வரி அம்மாள், தட்டு நிறையச் சோறும் மீனுமாக.

ஜெயந்திரன் சட்டென்று போனைக் கவிழ்த்துத் தொடையோடு அழுத்திக்கொண்டான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? போன்தான் கவிழ்ந்தது. சுவரில் படம் அப்படியே, கதவு அகலத்துக்கு நின்றது. பெரிய கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்க்கிறவன், தொடையைப் பொத்திக்கொண்டு, ஏன் இன்னும் எல்லோரும் சுவரைப் பார்க்கிறார்கள் என்று விழித்தான்.

"இராசேஸ்வரி, இது நீயெல்லோ? இது எந்த வீடு?" என்றார் மாமி. மாமியின் கண் படத்திலிருந்து இறங்கி ஹாலைச் சுற்றியது. செருப்பு அலமாரியில் வந்து நின்றது.

"அட, நீங்கதானே அது! இங்கதான் இருக்கிறீங்களோ? நல்லதாப் போச்சு. மாசம் எவ்வளவு எடுக்கிறீங்கள் தம்பி?"

டை கட்டிய என் தம்பி எழுந்து நின்றான். அந்த மடையன் நம்பர் கொடுப்பதற்காகச் சட்டைப் பையில் கைவிட்டான், சத்தியமாக. நான் அவன் இடுப்பில் கிள்ளினேன்.

நிலானி சொன்னாள்: "மாமி, அவரு அட்டெண்டன்ட் இல்ல. என் புருஷன். அப்பா ஒன்றரை வருஷம் எங்க வீட்டுலதான் இருந்தாரு. அது எங்க வீடு."

மாமி அவளை நம்பியதாகவும் காட்டவில்லை, நம்பாததாகவும் காட்டவில்லை. பெரியவர்கள் பெரியவர்களிடம்தான் கேட்பார்கள். "அப்பிடியோ, இராசேஸ்வரி?" என்றார்.

இதைவிட நல்ல வாய்ப்பு அந்த அம்மாளுக்குக் கிடைத்திருக்காது. படம் இருக்கிறது, ஆள் இருக்கிறான், ஆம் என்று சொன்னால் போதும். இராசேஸ்வரி அம்மாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"சாப்பாடு ஆறுது. எழும்புங்கோ எல்லாரும்."

ஜெயமாலா இதற்காகவே காத்திருந்தவள்போல ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சோறே போட்டு மறைத்ததை அன்றுதான் பார்த்தேன். எல்லோரும் எழுந்தார்கள். பத்துப் பதினைந்து படித்த மனிதர்கள், வடையைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினார்கள். வடை காஜாங்கில் ஒரு அம்மாவிடம் சொல்லிச் செய்ததாம். இராசேஸ்வரி அம்மாள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. நிலானி சாப்பிடவில்லை. என் தம்பி இரண்டு வடை சாப்பிட்டான். நன்றாக இருந்ததாம்.

கிளம்பும்போது லிஃப்ட் வாசலில் நல்ல கூட்டம். சந்திரகலா மாமியும் தடியூன்றி நின்றார். வழியனுப்ப ஜெயந்திரனும் ஜெயமாலாவும் வந்திருந்தார்கள். இராசேஸ்வரி அம்மாள் தன் துணிப்பையோடு வந்து, வழக்கம்போல அதை என் தம்பியிடம் நீட்டினார். அவனும் வழக்கம்போல வாங்கக் கை நீட்டினான்.

நிலானி இடையில் வந்து பையைப் பிடித்துக்கொண்டாள். குரல் உயரவில்லை.

"அம்மா, யாரோட கார்ல போறீங்கன்னு மாமிகிட்ட சொல்லிட்டு ஏறுங்க."

"என்ன பிள்ளை, எல்லாரும் நிக்கிற இடத்தில..."

"எல்லாரும் நிக்கிறதாலதான் கேக்கறேன். யாரோட கார்?"

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. யாரும் ஏறவில்லை. இராசேஸ்வரி அம்மாள் மாமியைப் பார்த்தார், என் தம்பியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். தம்பி, "விடு நிலா, அத்தைக்குக் கால் வலிக்கும்" என்றான்.

"நான் இங்கயே மகனோட இருக்கிறன்," என்றார் அம்மாள் கடைசியில். "மகன் வீடு இருக்க நான் ஏன் எங்கயும் போவான்?"

அப்போது ஜெயமாலாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அன்று முழுவதும் அந்த வீட்டில் நான் பார்த்த ஒரே வெட்டாத படம் அதுதான். ஜெயந்திரன் வாயைத் திறந்தான். மாமி பக்கத்தில் நிற்பதைப் பார்த்து மூடிக்கொண்டான். "ஓகே மா, ஸ்யூர்," என்றான்.

நிலானி பையைத் தரையில் வைத்துவிட்டு லிஃப்ட்டுக்குள் போனாள்.

காரில் எனக்குப் பேச நிறைய இருந்தது, ஆனால் நிலானி அழுதுகொண்டிருந்தாள். தம்பி டையைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டிருந்தான். பெடரல் ஹைவேயில் பாதி தூரம்கூடப் போகவில்லை, ஜெயந்திரன் கூப்பிட்டான். கார் ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது.

"நிலா, அம்மாவோட மருந்தெல்லாம் உங்க வீட்டுல இருக்காம் லா. நைட்டுக்கு மாத்திரை வேணுமாம். நீங்க திரும்பி வந்து அம்மாவக் கூட்டிட்டுப் போயிடுங்க. ஜெயமாலாவுக்கு நாளைக்கு ஆபீஸ்."

"யாரு வரணும்?"

"நீங்கதான். ஹூ எல்ஸ்?"

"யாரு வரணும்னு அம்மாவச் சொல்லச் சொல்லு."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. ஒரு கதவு சாத்தும் சத்தமும் கேட்டது. பிறகு இராசேஸ்வரி அம்மாளின் குரல், ரகசியம் பேசுவதுபோல வந்தது.

"மருமகனை வரச் சொல்லு பிள்ளை."

கார் சற்று வேகம் குறைந்தது. பதினோரு வருடத்தில் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. தம்பியின் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. திரும்பிப் போக இதற்குள் அவன் சிக்னலும் போட்டுவிட்டான்.

நிலானி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமி பக்கத்துல இருக்காங்களாம்மா?"

"இல்லை பிள்ளை. எல்லாரும் போயிட்டினம்."

"மாத்திரைய டெலிவரிக்காரர்கிட்ட குடுத்து அனுப்பறேன். மாமிய உக்கார வச்சு, அவங்க முன்னாடி இதையே சொல்லுங்க. அன்னிக்கு வந்து கூட்டிட்டு வரோம்."

அவள் போனை வைத்துவிட்டாள். தம்பி சிக்னலை அணைத்தான். ஷா ஆலம் தாண்டிக் கிள்ளானுக்கு நேராக ஓட்டினான்.